நிழல் இல்லாத பன்னிரண்டு பத்து

பங்குனி இருபத்துநாலு. மஸ்கெலியா.
கோலை நட்டுவிட்டுச் சங்கிலியை உதறுகிறேன்:
ஏழு பேர்ச்சஸ், இன்னொரு ஏழு பேர்ச்சஸ்,
லயத்துக்குப் பின்னால்
இன்னும் உறுதி எழுதாத மண்.

பருத்தித்துறைக் கடற்கரையிலிருந்து
அருள்நேசன் கோல் எடுத்தான்.
"மீட்டர் கம்புக்கு அஞ்சு சென்டிமீட்டர், கொஞ்சம் கூட.
உனக்கு மச்சான்?"

எனக்கு இல்லை.
என் கோல்
தன் நிழலை மிதித்துக்கொண்டு நின்றது.

இப்படித்தான் ஒரு கிரேக்கன்
நைல் கடலில் விழும் பக்கம் கம்பு நட்டு,
தெற்கே ஏதோ கிணற்றில்
வெயில் அடித்தண்ணீரைத் தொட்டதைக் கேள்விப்பட்டு,
பூமியின் இடுப்பளவைச் சொன்னானாம்.
வாயில் நுழையாத பெயர்.
ஆனாலும் பெயர் இருக்கிறது.

கம்புக்கும் கிணற்றுக்கும் நடுவே
ஒரே சீராய் அடி வைத்து
எண்ணிக்கொண்டே போனவர்களும் உண்டாம், அரசனின் ஆட்கள்.
தும்மல் வந்தால் என்ன செய்திருப்பார்கள்?
அவர்களுக்குப் பெயர் இல்லை.

எனக்கும் தூரம் வேண்டும்.
"பஸ் டிக்கட்டைப் பார்த்துப் போடு" என்கிறான் அருள்நேசன்.
எனக்கு வேறு வழிதான் ஞாபகம் வந்தது:
மன்னாரில் இறங்கி, காட்டுக்குள்ளால், மாத்தளை மட்டும்,
கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் நடந்தது.
அடியை யாரும் எண்ணவில்லை.
விழுந்தவர்களையும்தான்.

சாமிமலைப் பக்கமிருந்து மூட்டம் ஏறிவிட்டது.
"சங்கிலியைப் பிடி" என்று சர்வேயர் மாத்தயா கத்துகிறார்.
நேர்கோட்டில் முன்னூற்று முப்பது கிலோமீட்டர் என்று
உத்தேசமாய்ப் போட்டு
உள்ளங்கையில் பெருக்கினேன்.

உலகம் கிட்டத்தட்டச் சரியாய் வந்தது.
ஏழு பேர்ச்சஸில்தான்
அரை பேர்ச் குறைகிறது.