பக்கம் நூற்றிப்பதினேழு

கோபியிலிருந்து பஸ் பார்சலில் வந்தது புத்தகம்.
எனக்கு முன்னால் மூன்று பேர் படித்தது.
எழுதியவர் ஹங்கேரிக்காரர்,
முற்றுப்புள்ளி வைக்க மனசே வராத மனுசன்.

பக்கம் இருபதில் குழந்தைவேலின் பென்சில்:
"இங்க தண்ணி குடிச்சுக்கங்க."
அறுபத்திநாலில் வெண்மதி, பச்சை மையில்:
"இந்தாளு பாலத்தைத் தாண்டறதுக்குள்ள
எனக்குக் கல்யாணமே முடிஞ்சுபோச்சு."
சம்சுதீன் எதுவும் எழுதவில்லை.
எண்ணெய் விரல் மட்டும்,
ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில்.

எனக்கு நைட் ஷிப்ட். பல்லடம் ரோட்டில் நிட்டிங் கம்பெனி.
நூல் அறுந்தால் மெஷின் நிற்கும்,
சிவப்பு விளக்கு எரியும்,
போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தால்
வாக்கியம் அதே பாலத்தில்
அதே கிழிந்த கோட்டோடு போய்க்கொண்டிருக்கும்,
கோட்டு யாருடையது என்பது மறந்திருக்கும்.
எட்டுப் பக்கம் பின்னால் போவேன்.

சூப்பர்வைசர் கேட்டார்: "கதை என்னங்க?"
"ஒருத்தர் பாலத்தைத் தாண்டறாருங்க."
"தாண்டி?"
"இன்னும் தாண்டலீங்க."
சிரித்துக்கொண்டே கோன் எண்ணப் போனார்.

விடிகாலை நாலரைக்கு
நூற்றிப்பதினேழாம் பக்கத்தில்
வந்தது ஒரு புள்ளி.
இருபத்திரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருக்க
நான் நின்றுபோனேன்.

புள்ளியைச் சுற்றிப் பென்சில் வட்டம்,
அதைச் சுற்றிப் பச்சை வட்டம்,
அதற்கும் வெளியே தேய்ந்த எண்ணெய் ரேகை.
என்னிடம் பேனா இல்லை.
சட்டையில் ஒட்டியிருந்த நூல் துண்டை எடுத்து
அங்கே வைத்து மூடினேன்.

கரூர்க்காரர் நேற்றும் போன் பண்ணினார்,
முடிச்சாச்சுங்களா என்று.
இன்னும் இருநூறு பக்கம் இருக்கிறது.
முடிக்க மனசு வராத வியாதி
எனக்கும் வந்துவிட்டதை
அவரிடம் எப்படிச் சொல்ல.