உப்பிட்டவர்

கருவி அறை கீழ்த்தளத்தில். சன்னல் இல்லை.
இதழியல் பள்ளியின் கேமராவும் மைக்கும்
என் பேரேட்டில் கையெழுத்திட்டுத்தான் வெளியே போகும்,
கையெழுத்திட்டுத்தான் திரும்பும்.

ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஒட்டுத்தாள்.
மூன்றாம் எண் கேமரா: எண்பத்தெட்டாம் ஆண்டு மாணவர்கள்.
முக்காலி: ஒரு பல் மருத்துவர், மகள் நினைவாக.
ஏழாம் எண் ஒலிப்பதிவுக் கருவியில் மட்டும்
ஓ. ஹ. என்று இரண்டே எழுத்து.

ஓரெஸ்ட் ஹ்ரின்ச்சுக்.
கெஸ்லர் பொட்டாஷ் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம்.
அந்த ஊரின் வாரப் பத்திரிகை மூடிய மாதம்
முதல் காசோலை வந்தது, இரண்டு வரிக் கடிதத்தோடு:
"நகரசபைக் கூட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.
யாரையாவது அனுப்புங்கள்."

சுவரில் பெயர் வேண்டாம் என்றார்.
விருந்துக்கு வரவில்லை.
நன்றிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார்,
தபால்தலையை வீணாக்க வேண்டாம் என்று,
இன்னொரு தபால்தலை ஒட்டி.

அவர் பணம் என்ன செய்தது என்பதை
ஆண்டறிக்கையில் வண்ணப்படமாகப் போட முடியாது.
பெட்ரோல்.
நீதிமன்ற நகல், பக்கத்துக்கு அரை டாலர்.
உதிரி பேட்டரி ஆறு.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பது போனால்
பேட்டரி பத்து நிமிடத்தில் செத்துவிடும்;
பிள்ளைகள் அதை அக்குளில் வைத்து
அடைகாத்துக்கொண்டு போவார்கள்.

ஷெலின் ஓகிமாவ் அப்படித்தான் போனாள்.
பிப்ரவரி ஒன்பது, ஏழாம் எண், இருநூறு கிலோமீட்டர்.
அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.
பனி வாரும் வண்டி வாங்குவதைப் பற்றி
ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பப் போனவள்
கடைசி வரிசையில் ஒருத்தி சொன்னதைக் கேட்டாள்:
"எங்கள் கிணறு உப்புக் கரிக்கிறது.
கன்றுகள் வாய் வைக்க மாட்டேன் என்கின்றன."
குறித்துக்கொள்ளப்பட்டது என்றார் தலைவர்.
யாரும் குறித்துக்கொள்ளவில்லை.
இவள் குறித்துக்கொண்டாள்.

பிறகு என் பேரேட்டில் எட்டு முறை அவள் கையெழுத்து.
எட்டாவது முறை ஒரு நகலை மேஜையில் வைத்தாள்.
சுரங்கக் கழிவு மலை, பதினேழு வருடத்துக்கு முந்தைய ஆய்வு.
'கசிவு ஏதுமில்லை.' அதன் கீழே இன்னொரு கையெழுத்து.
ஒன்றும் பேசாமல் கருவியைத் திருப்பி
ஒட்டுத்தாளைக் காட்டினாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கத்தான் வேண்டும்.
கிணற்றில் உப்பிட்டவரை?

முதல்வர் பிரிட்ஜெட் லாமரூ
கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தார்.
புதுக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்டுக்கொண்டிருந்த வருடம் அது.
வெளியே வந்து கேட்டது ஒன்றுதான்:
"அவரிடம் பேசினாயா?"

பேசினாள்.
"கையெழுத்து என்னுடையதுதான்" என்றார் அவர்.
பிறகு பதினொரு நொடி.
அவர் வாங்கித் தந்த கருவியில்
அவருடைய மௌனம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது,
பின்னால் ஒரு கெட்டில் கொதிக்கும் சத்தத்தோடு.

செய்தி வந்தது. அமைச்சகம் கிணறுகளைச் சோதிக்க ஆள் அனுப்பியது.
செவ்வாய்க்கிழமை என் தொலைபேசி அடித்தது;
மேலே இருந்தவர்கள் பயந்து
கைமாற்றிக் கைமாற்றி என்னிடம் தள்ளிவிட்டிருந்தார்கள்.
"ஹ்ரின்ச்சுக் பேசுகிறேன்.
என் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டீர்கள்.
திருத்தம் போடுங்கள்."
வைத்துவிட்டார்.

போட்டோம், இரண்டாம் பக்கத்தில்.

ஏப்ரலில் காசோலை வந்தது.
போன வருடத்தைவிட இருநூறு டாலர் குறைவு.
கோபமா, வீட்டுக் குழாய்க்கு வடிகட்டி வாங்கினாரா,
கடிதத்தில் ஏதுமில்லை. கடிதமே இல்லை.
கணக்குப் பிரிவு பேட்டரியை ஆறிலிருந்து ஐந்தாக்கியது.

இந்த வாரம் ஏழாம் எண் வெளியே போயிருக்கிறது.
கெஸ்லருக்குத்தான், முதலாண்டுப் பையன் ஒருவனோடு.
பனி வாரும் வண்டியைப் பற்றி
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.