தாமதத்துக்கான காரணம்

நாலு நிமிடம் பிந்தினால்
டிப்போவில் ஒரு படிவம் நீட்டுவார்கள்.
மழை, நெரிசல், பழுது, பயணிக்கு மயக்கம்,
ஏதாவது ஒரு கட்டத்தில் கோடு போட்டாக வேண்டும்.
பத்தொன்பது வருடம் யீஷூன் பக்கம் பேருந்து ஓட்டியவள்,
எனக்கு அது மனப்பாடம்.

பதினோரு மாதத்துக்கு
எந்தக் கட்டம்?

"தேதி வாரியாக எழுதி வாருங்கள், மேடம் பொற்கொடி.
நடந்தது மட்டும் போதும்" என்றார்
வழக்கறிஞர் மிஸ் கோ.
எழுதினேன்.

மார்ச் 9. பலதுறை மருந்தகம்.
இடது மார்பில், கொண்டைக்கடலை அளவு.
டாக்டர் சின்ன வயது. தொடுவதற்கு முன்
உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.
கொழுப்புக் கட்டிதான் ஆன்ட்டி, பயப்பட ஒன்றுமில்லை.
அன்று சாயங்காலம் மகளோடு
அங்காடி நிலையத்தில் ஐஸ் கச்சாங் சாப்பிட்டேன்.

ஜூலை 22. அதே டாக்டர். அதே சூடான கை.
புளியங்கொட்டை அளவு.
ஆறு மாதம் பார்ப்போம்.

பிப்ரவரி 14. முதுகு வலி என்று போனேன்,
சீட் சரியில்லை என்றே நினைத்திருந்தேன்.
ஸ்கேனில் மார்பு, அக்குள், முதுகெலும்பு.
நான்காம் நிலை.

மிஸ் கோ பென்சிலால்
ஐஸ் கச்சாங்கை அடித்தார்.
சூடான கையையும் அடித்தார்.
"இது அவர்கள் பக்கத்துக்கு உதவும்."

மருந்தகக் குறிப்பின் நகல் தபாலில் வந்தது.
மெதுவானது, நகர்கிறது, வலியில்லை.
கடைசியில் ஒற்றைச் சொல்:
ரீஅஷ்யூர்டு.
தைரியம் சொல்லி அனுப்பப்பட்டார்.
அதில் பொய்யே இல்லை.
அந்தத் தைரியத்தில்தானே
பொங்கலுக்குப் புதுத் திரைச்சீலை மாட்டினேன்,
இரவு ஷிப்ட் கூடுதலாக வாங்கினேன்.

வழக்கு என்றால் இப்படியாம்:
மார்ச்சிலேயே பிடித்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று
நூற்றுக்கு ஐம்பத்தொன்றாவது காட்டவேண்டும்.
ஐம்பது போதாது.
பெர்த்திலிருந்து ஒரு நிபுணர் அறுபது என்று எழுதுகிறார்,
எதிர்த்தரப்பு நிபுணர் நாற்பத்தைந்து என்கிறார்.
நான் இரண்டு எண்களுக்கும் நடுவில்
சிவப்பு விளக்கில் நிற்கிறேன், இண்டிகேட்டர் போட்டபடி.

தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள்
வழக்குப் போட்டுவிடவேண்டும் என்றார்.
மூன்று வருடம்!
புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் லியானாவிடம்
அந்த எண்ணைச் சொன்னேன்.
அவர் திரையைப் பார்த்தார்,
வெள்ளணுக்கள் நன்றாக இருக்கின்றன என்றார்.

இரண்டாம் சுற்று.
இடக்கையில் ஊசி போடக்கூடாது என்பதால் வலக்கையில்.
மருந்து தடித்த சிரிஞ்சில் வருகிறது,
செக்கச் செவேலென்று.
"சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள்" என்கிறார்
தாதி மாரிசெல்.
இந்தப் பயப்படாதீர்கள் நிஜம் என்று நம்புகிறேன்,
வேறு என்ன செய்ய.

பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டாளிக் கட்டை உடம்பு மாமா
காப்பி ஓ கொசோங்குக்கு ஏங்குகிறார்,
குடித்தால் இரும்பாக இனிக்கிறதாம்.
எனக்குத் தண்ணீரே நாணயம்.

மடியில் மிஸ் கோ அனுப்பிய அதிகாரப் பத்திரம்.
இடக்கையால் கையெழுத்துப் போடுகிறேன்.
கொடி சாய்ந்து விழுகிறது,
பொன் மட்டும் ஏதோ நிற்கிறது.

அந்தப் பையன்மேல்
எனக்குக் கோபம் வரவேண்டிய அளவு வரவில்லை.
சில இரவுகளில் வருகிறது.
அப்போது அந்தக் கைச்சூடுதான் நினைவுக்கு வருகிறது,
அது இன்னும் மோசம்.

வாய்ப்புண் வராமல் இருக்க
மாரிசெல் காகிதக் கோப்பையில் ஐஸ் சீவல் தருகிறார்.
நாக்கில் வைத்து அடக்கிக்கொள்கிறேன்.
குழாயில் ரோஸ் சிரப் இறங்குகிறது.

பத்திரத்தைத் திருப்பி, பின்பக்கம்,
அடித்த வரியை மறுபடி எழுதுகிறேன், இடக்கையால்:
மார்ச் 9. சாயங்காலம். மகளோடு. இரண்டு கரண்டி, ஒரு கிண்ணம்.
சோளம் கூடக் கேட்டாள்.