நாலாவது டின்

இந்தப் பால் டின்னுக்குப் பதினோரு வயது.
லேபிள் எப்போதோ போயிற்று.
வாயோரம் நான் சுத்தியலால் தட்டி மழுக்கியது.
அடியில் ஒரு நசுங்கல், அதுவும் கணக்கில் சேர்த்தி.

பச்சைப்பயறு, தலை வழித்து நாலு டின் ஒரு கிலோ.
மைசூர்ப் பருப்பு நாலாவதில் அரை விரல் இறங்கும்,
சின்ன உருப்படி, நெருக்கி உட்கார்ந்துகொள்ளும்.
கொண்டைக்கடலை அப்படியில்லை.
தெலுக் இந்தான் பஸ்ஸில் முழங்கையை விரித்துக்கொண்டு
உட்காருகிறவர்கள் மாதிரி.
நாலு டின் அளந்த பிறகும் இரண்டு கை மிஞ்சும்.

இருபத்திரண்டு பங்களாதேஷ்காரர்களுக்கு
ராத்திரிச் சமையல் என்னுடையது.
சாமான் அவர்கள் வாங்குவார்கள், எனக்குக் கூலி.
அவர்கள் கணக்கு கிலோ, என் கணக்கு டின்.
ஷபிகுல் நோட்டில் எழுதினான்: பயறு மூன்று கிலோ.
பன்னிரண்டு எண்ண வேண்டும் நான்.
பதினொன்று வந்தது,
அப்புறம் ஒரு கால்.

அவன் என் கையைப் பார்த்தான்.
நான் அவன் சைக்கிள் கூடையைப் பார்த்தேன்.
அன்றைக்குப் பருப்பில் உப்பு கூடிப்போனது,
யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடலை.
பதிமூன்று வரவேண்டியது பன்னிரண்டேகாலில் நின்றது.
பழைய சரக்கு காய்ந்திருக்கும்,
புதுசு பருத்திருக்கும், டின் அமுங்கியிருக்கும்
என்று எல்லாச் சமாதானமும் எனக்கே சொல்லிப் பார்த்தேன்.
ஆனால் காய்ந்த பயறும் பருத்த கடலையும்
பேசிவைத்துக்கொண்டு ஒரே அளவு குறையுமா?

ஆ லொக் கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம்.
தராசின் நெற்றியில் அரசாங்க ஸ்டிக்கர்.
பயறு கேட்கவில்லை நான்.
அலமாரியிலிருந்து ஒரு கிலோ சீனிப் பாக்கெட் எடுத்தேன்,
கம்பெனி ஒட்டிய வாய் பிரிக்காதது.
"இதைக் கொஞ்சம் வை தவுக்கே."

ஆயிரத்து அறுபது.

மின்விசிறி ஒரு சுற்று போய்த் திரும்பியது.
தவுக்கே எதுவும் சொல்லவில்லை.
சீனியை அலமாரியிலேயே வைத்துவிட்டு
பயற்றுச் சாக்கில் கரண்டியை விட்டார்.
நிறுக்காமல் ஒன்று. நிறுக்காமல் இன்னொன்று.
ஷபிகுல் பையின் வாயை விரித்துப் பிடித்தான்.
நான் பழக்கதோஷத்தில் கரண்டியை டின்னாக மாற்றிக்கொண்டிருந்தேன்:
ஒன்றரை, மூன்று, நாலரை.
அதற்கு மேல் நிறுத்தச் சொன்னேன்.
கடன் கொடுக்கிற கடை சங்காட்டில் அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் மில்லின் தராசுமேடை.
என் வீட்டுக்காரர் சிவபாலன்
உதிரிப்பழ மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.
முப்பத்தெட்டு என்றது தராசு.
நாற்பதுக்கு மேல் என்று
அவர் இடுப்பு ஒரு வருஷமாகச் சொல்கிறது.
அங்கேயும் ஸ்டிக்கர் இருக்கிறது.

சீனிப் பாக்கெட்டை அங்கே கொண்டுபோக முடியாது.
உதிரிக்கு எத்தனை டின் ஒரு கிலோ?
யாரும் அளந்து பார்த்ததில்லை.

உர வாளி ஒன்று
கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.