நூறு வாட்

அதிகாலை மூன்றரைக்குப் பால் கறக்கப் போகிறவளுக்கு
விடியல் வேலையின் பாதியில்தான் வரும்.
டாஸ்மேனியா, வடமேற்கு மூலை, ஜூலை மாதம்.
வீட்டிலிருந்து பண்ணைக்குப் பதினேழு கிலோமீட்டர்.
வழியில் தெருவிளக்கு ஒன்றே ஒன்று,
தேவாலயத்தை விற்றபின் அதுவும் எரிவதில்லை.

என் பழைய சுசுகியின் முகவிளக்கு
ஆறிப்போன தேநீர் நிறத்தில்
முன்சக்கரத்தை மட்டும் எனக்குக் காட்டும்.
மீதியை மனப்பாடமாக ஓட்டினேன்:
பாலம் வந்தால் குளிர் கூடும்,
சைப்ரஸ் வரிசை முடிந்தால்
காற்று இடது கன்னத்தில் அறையும்,
உரக்குழி நாறினால் வளைவு.

ஏப்ரலில் ஒரு வாம்பட்.
கல் என்று நினைத்தேன்.
கல் நடந்தது.
நானும் வண்டியும் வேலியில் கிடந்தோம்.
காறை எலும்பு கூடிவர ஏழு வாரம்.
கட்டுப் பிரித்த அன்றே பல்பு வாங்கினேன்.

"அறுபது வாட்டுக்குப் பிறந்த வண்டி இது,
நூறைத் திணித்தால் ஒயர் உருகும்,"
என்றான் டிராக்டர் பழுதுபார்க்கும் ஆஸி பார்விக்.
உருகத்தான் செய்தது.
கைப்பிடி சுவிட்சில் புகை வந்தது.
ஆகவே ஒரு ரிலே.
ஆகவே பேட்டரியிலிருந்து நேரே தடித்த சிவப்பு ஒயர்,
நடுவே ஃபியூஸ், முனையில் பீங்கான் சாக்கெட்.
பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாதாம்,
தோலின் எண்ணெய்க்கே அது வெடித்துவிடுமாம்.
தினம் எழுநூறு காம்புகளைப் பிடிக்கிற கை.
படாமலிருக்குமா? பட்டது.
ஸ்பிரிட்டில் துணி நனைத்து மூன்று தடவை துடைத்தேன்.

பின்சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு
ஒளியை அதற்குக் கீழே இறக்கினோம்.
திருகாணி கால் சுற்று.
இன்னும் கால் சுற்று.
போதும் என்றான். எனக்குப் போதவில்லை.

முதல் இரவு
யாரோ சுருட்டி வைத்திருந்த சாலையை
உதறி விரித்ததுபோல் இருந்தது.
வேலிக்கம்பியின் பனித்துளிகளை எண்ணலாம்.
எதிரே பால் லாரி மூன்று முறை சிமிட்டித் திட்டியது.
டிம் போட மறந்திருந்தேன்.
"ரயில் வருகிறதென்று பயந்துவிட்டேன்," என்றாள் லாரிக்காரி வினிபிரெட்,
"இந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது."

சிரித்தேன். ஆனால்
இத்தனை வருடம் குழி குழி என்று
சபித்தபடி நான் ஏறி இறங்கியவை
குழிகள் அல்ல
என்பதையும் அன்றுதான் பார்த்தேன்.
ரோமம் இருந்தது. சிலதற்கு வால்.

மூன்றாவது வாரம், உரக்குழி வளைவில்
ஒரு பேடிமெலன்,
முயலைவிடப் பெரிது, கங்காருவைவிடச் சிறிது,
நடுச்சாலையில்.
முன்பெல்லாம் எஞ்ஜின் சத்தத்துக்கே விலகிப்போகும் இனம்.
இப்போது என் நூறு வாட்
அதை ஆணியடித்து நிறுத்தியிருந்தது.
இரண்டு கண்ணும் இரண்டு நாணயம்,
எதையும் வாங்க உதவாதவை.

பிரேக். பின்சக்கரம் வழுக்கி, வழுக்கி,
நின்றது. மூன்றடி மிச்சம்.

நிற்கும்போது என் வண்டிக்கு
இவ்வளவு பெரிய பல்புக்கு ஊட்டத் தெம்பில்லை.
எஞ்ஜின் முனகியது.
வெள்ளை வெண்ணெயானது,
வெண்ணெய் தேநீரானது,
பழைய, ஆறிப்போன, என் தேநீர்.
அந்த மங்கலில் அதற்குத் தன் கண்கள் திரும்பக் கிடைத்தன.
ஒருமுறை காதை ஆட்டியது.
வயிற்றுப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த
சின்னக் கால் ஒன்று உள்ளே போனது.
பிறகு அவசரமே இல்லாமல்
வேலியின் ஓட்டை வழியே நுழைந்து மறைந்தது.

பண்ணைக்குப் பத்து நிமிடம் தாமதம்.
மாடுகள் கதவை முட்டிக்கொண்டிருந்தன.

நின்றால் விளக்கு மங்குகிறது என்று ஆஸியிடம் சொன்னால்
ஆல்டர்னேட்டரையும் மாற்றிவிடலாம் என்பான்,
அவனிடம் ஒன்று சும்மா கிடக்கிறது,
பணம்கூட வாங்கமாட்டான்.

இன்னும் சொல்லவில்லை.