ம. இன்னாசிமுத்து

ஸ்டான்லியில் அந்த டாக்டர் பெண் கேட்டாள்:
"உங்க அப்பாவுக்கு சுகர் இருந்துச்சா? ஹார்ட்?"
மாமனார் மின்விசிறியைப் பார்த்தார்.
"தெரியாதும்மா."
அவள் 'இல்லை'யில் டிக் அடித்தாள்.
தெரியாது என்பதற்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இந்த வீட்டுக்கு நான் வந்து பத்தொன்பது வருஷம்.
பழைய ரேஷன் கார்டை அன்றைக்குத்தான்
ஒழுங்காகப் படித்தேன்.
ஐந்து பிள்ளைகள்.
நாலு பேருக்கு முன்னால் ஆ. –
ஆசீர்வாதத்தின் ஆ.
மூத்தவருக்கு மட்டும் ம.

மரியசெல்வம், அவர் அம்மா.
அவள் எழுத்துதான் போல என்று
கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன்.

தண்டையார்பேட்டை அத்தை
சங்கரா மீனை உரசிக்கொண்டே சொன்னாள்:
ரயில்வேக்காரனாம்.
இன்னொரு நாள், கப்பலிலிருந்து இறங்கினவனாம்.
மூன்றாம் நாள் குரலைத் தாழ்த்தி
"சொந்தத்துக்குள்ளயே…" என்றவள்
குழாயைத் திறந்துவிட்டாள்.
தண்ணீர் வராத நேரம் அது.

பங்குக் கோயிலில்
செல்லரித்த ஞானஸ்நானப் பதிவேடு.
ஐம்பத்து மூன்று, ஆகஸ்ட்.
பாதர் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார்:
பாத்தெர் இக்னோத்துஸ்.
இன்னாசியாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருந்தது காதுக்கு.
ஒரு நிமிஷம் நம்பக்கூடச் செய்தேன்.
"தகப்பன் அறியப்படாதவர்" என்றார் பாதர்,
பிறகு, நான் கேட்காமலே,
"சிலபேருக்கு இதைக்கூட எழுதல."

எச்சில் துப்பி அனுப்பினால்
ஏழு கடலுக்கு அப்பாலும் சொந்தம் சொல்லும்
ஒரு குழாயைத் தருவித்தேன்.
சர்க்கரைக்காரர், வாய் உலர்ந்திருந்தது.
இரண்டு முறை முயன்றுவிட்டு
"யார் மேல துப்பச் சொல்ற?" என்றார்.
சிரிப்பாரோ என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.
ஃப்ரிட்ஜ் கதவில், இன்சுலினுக்குப் பக்கத்தில்
அது இன்னும் காலியாக நிற்கிறது.

கடைசியில் பள்ளிக்கூடம்.
கார்ப்பரேஷன் ஸ்கூல், சேர்க்கைப் பதிவேடு,
எலிப் புழுக்கையைத் தட்டிவிட்டுப் பிரித்தார் பியூன்.
வரிசை எண் பன்னிரண்டு.
தகப்பன் பெயர்: மன்னார்சாமி.
எனக்குக் கை குளிர்ந்தது.
ஒரு ஆள். பெயருள்ள ஆள்.
பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது விரல்.
விலாசம்:
41, மேற்படி கோயில் தெரு.

மேற்படி.
அந்த ஒரு சொல்லை
எத்தனை தடவை படித்தேனோ.

ஏதோ ஒரு ஜூன் காலை.
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி குமாஸ்தா
"அப்பா பேரு?" என்று கேட்டிருப்பார்.
பின்னால் வரிசை நின்றிருக்கும்.
மரியசெல்வம்
ஜெபமாலைக்காரி, வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாதவள்,
ஜன்னல் வழியாகத்
தெருவைப் பார்த்திருப்பாள்.
அல்லது பார்க்கவில்லை.
அல்லது மன்னார்சாமி என்று நிஜமாகவே ஒருவன்
அதே தெருவில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.
பதிவேடு இதற்கு மேல் வாய் திறக்காது.

வீட்டுக்கு வந்தேன்.
மாமனார் மிக்ஸியைக் கழற்றிப் போட்டிருந்தார்;
துறைமுகத்தில் முப்பது வருஷம்
வின்ச் ஓட்டின கை, சும்மா இருக்காது.
சொன்னேன்.
ஒரு திருகாணியை மூடியில் போட்டார்.
இன்னொன்றைப் போட்டார்.

"அந்தக் கோயிலைத் தாண்டுறப்ப
செருப்பைக் கழட்டச் சொல்லும் அம்மா" என்றார்.
"நாங்க வேதக்காரங்க, எதுக்குன்னு கேட்டேன் ஒருவாட்டி.
முதுகுலயே ஒண்ணு வச்சுது."

மிக்ஸியைப் பூட்டி, ஓட விட்டு,
சத்தம் சரியா என்று கேட்டு, நிறுத்தினார்.
பிறகு என்னைப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணுன்னா
பழைய நம்பரா, புது நம்பரா?"