ரொக்கத்தின் பேரேடு

முதலில் உமி.
புதுவயல் மில்லில் கணக்கெழுதுகிறவனுக்கு
உமிக்குக் காசில்லை.
இரண்டு சாக்கை வண்டிக்குப் பின்னால் கட்டி
காரைக்குடி கொண்டுவந்து சேர்த்தேன்.
ரொக்கம் தொட்டிக்குள் இறங்கினாள்,
ஒரு சுற்று மோந்தாள்,
ஏறிப்போய்
சலவை வேட்டியின் மடிப்பில் இருந்துவிட்டு வந்தாள்.

ரொக்கம் என்பது பூனை.
மாசக் கடைசியில் வந்து சேர்ந்தாள்,
அன்று கையில் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு அவள் உமிக்குப் பழகினாள்.
உமி வீட்டுக்குப் பழகவில்லை.
வயிற்று மயிரில் ஒட்டிக்கொண்டு
அறை அறையாகப் போனது.
வத்தக்குழம்பில்கூட ஒன்று.

அடுத்தது சேது ஆசாரி பட்டறைத் தூள்.
யாரோ விற்ற நிலைக்கதவை இழைத்தது,
பர்மாத் தேக்கு, பொன் நிறம்.
"என்னா விலைன்னு தெரியாம பெய்யுது பாரு" என்றார்.
நாலு நாள் தும்மினாள். விட்டுவிட்டேன்.

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிற சிக்கந்தரிடம்
சலித்த மணல் ஒரு வாளி கேட்டேன்.
சிரிக்கவில்லை அவர்,
பூனை எத்தனை கிலோ என்று கேட்டார்.
நல்ல மணல்தான்.
மூன்றாம் நாள் அந்த வாடை
படியேறிப் போய்
மாடிவீட்டு வங்கிக்காரரின் காப்பியில் உட்கார்ந்துவிட்டது.

சிக்ரி ஆய்வகத்து மங்கையர்க்கரசிதான்
சிலிக்கா முத்துகளைச் சொன்னாள்:
"எல்லாத்தையும் உறிஞ்சிக்கும் அண்ணே,
வெளிய ஒண்ணும் தெரியாது."
தெரியவில்லை. மாசம் முழுக்க
ஒன்றுமே தெரியவில்லை.

ஆவணியில் ரொக்கம் இளைத்தாள்.
தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னாலேயே கிடந்தாள்.
கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரான்சிஸ்கா
மாட்டு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்:
"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகுது? எவ்வளவு?"

முப்பது வருஷமாக
ஒரு மூட்டைத் தவிடு தவறாத கணக்கப்பிள்ளை
முழித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது களிமண்.
நனைந்த இடம் மட்டும் கட்டியாகிறது.
கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வருகிறது,
கிலோ, எங்கள் மில் பொன்னியைவிடக் கூட.
முதலாளியிடம் நான் இதைப் பேசுவதில்லை.

காலை ஐந்தரை, பல் துலக்குமுன்,
சல்லடைக் கரண்டியைச் சாய்த்து இழுக்கிறேன்.
மண் உதிர்கிறது, கட்டி நிற்கிறது.
சுண்டைக்காய்.
நெல்லிக்காய்.
எலுமிச்சை.
நாரத்தங்காய் அளவு வந்தால்
நேரம் பார்க்காமல் போன் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
இன்னொன்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.
நிறம் சரி, கெட்டி சரி.

தீர்ந்துபோன பேரேட்டின் பின்பக்கங்களில்
வரவு: தண்ணீர், நூற்றெண்பது மில்லி.
செலவு: எலுமிச்சை இரண்டு, நெல்லி ஒன்று.
ஐந்தொகை எடுத்தால்
ஒரு நாளும் நேராவதில்லை.
கொஞ்சம் மூச்சிலேயே போய்விடுமாம்.
போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கொட்டி
வெந்நீர் ஊற்றித் தேய்ப்பேன்.
வாசனைச் சோப்புப் போட்டால்
அன்றைக்குத் திரும்பவும் வேட்டிதான்.
கவிழ்த்து வைத்துக் கை கழுவி வருவதற்குள்
எங்கள் ஊர் வெயில் காய்த்துவிடுகிறது.
நாலு விரற்கடைக்கு மண்.
பரப்பி நான் இன்னும் நிமிரவில்லை,
ஏறி நின்று
என் கண்ணைப் பார்த்துக்கொண்டே
போகிறாள்.

நேற்றுக் காலை தொட்டியில் ஒன்றும் இல்லை.
கிளறினேன். திரும்பவும் கிளறினேன்.
டார்ச் அடித்துக் கட்டிலுக்கடி, அலமாரி இடுக்கு,
வேட்டி மடிப்பு ஒவ்வொன்றாய்.
கடைசியில்
மாடிப்படிக்கடியில் மறந்துபோன பழைய சாக்கு,
அதற்குள் ஒரு குழி,
குழியில் ஈரம்.

கையை விட்டு அளைந்தேன்.
எவ்வளவு என்று உமி சொல்லவில்லை.
ஏட்டை எடுத்து, தேதி போட்டு,
நெல்லி ஒன்று என்று எழுதி
பக்கத்தில்
என் வாழ்க்கையில் முதல்தடவையாக
ஒரு கணக்கில் எழுதினேன்:
தோராயமாக.